கூரையின் மேல் சூரியத் தகடு. கூரையின் கீழ் யார்?

எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலை இடித்துப் புதிதாகக் கட்டுவதென்று முடிவாகி, அதன் வரைபடம் ஜமாஅத்தாரின் பார்வைக்கு வைக்கப்பட்ட நாளில் நாங்களும் அங்கிருந்தோம். முகப்பு முழுவதும் கண்ணாடி. மேலே பெரிய குவிமாடம், இருபுறமும் உயர்ந்த மினாராக்கள். ஆண்கள் தொழும் கூடம் முழுவதும் குளிரூட்டி. மின்கட்டணம் என்னவாகும் என்று முதியவர் ஒருவர் கேட்டார். வரைபடத்தை விளக்கியவர் புன்னகைத்தார். "மொட்டை மாடியில் சோலார் போட்டுவிடுவோம், ஹாஜியார். பில்லே வராது. இது நெட் ஸீரோ பள்ளிவாசல்" என்றார். "மாஷா அல்லாஹ்" என்ற குரல்கள் எழுந்தன.

அதே வரைபடத்தில் பெண்களின் தொழுமிடம் இரண்டாம் மாடியில், வெயில் காயும் மொட்டை மாடித் தளத்திற்கு நேர் கீழே இருந்தது. உஸ்தாதின் குடியிருப்பு பின்புறத்தில், இப்போதுள்ள தகரக் கூரையின் கீழேயே தொடர்வதாக இருந்தது. இவ்விரண்டிற்கும் குளிரூட்டி இல்லை, நிழலும் இல்லை. அதைப் பற்றி எவரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேளாமல் எழுந்து வந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறோம்.

'நெட் ஸீரோ' என்னும் சொல் இன்று ஊர்தோறும் உலவுகிறது. ஒரு கட்டடம் ஓராண்டில் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறதோ அவ்வளவையும் அதுவே உற்பத்தி செய்துகொண்டால், அதன் நிகரச் செலவு பூஜ்யம் என்பதே அதன் பொருள். நல்ல இலட்சியம், அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த இலட்சியத்தை அடைய ஓர் ஒழுங்குமுறை உண்டு. முதலில், வெப்பம் உள்ளே வராதபடி கட்டடத்தை அமைக்க வேண்டும். அடுத்து, தவிர்க்க முடியாத தேவைகளுக்குக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் கருவிகளை வைக்க வேண்டும். இவை இரண்டும் முடிந்த பிறகு எஞ்சும் தேவைக்குத்தான் சூரிய மின்சாரம். நாமோ மூன்றாவதை முதலில் வைத்து, முதலிரண்டையும் மறந்துவிடுகிறோம். ஓட்டை வாளியை அடைக்காமல் இன்னொரு கிணறு தோண்டுவது போன்றது இது.

இந்தியாவில் முன்மாதிரியாகக் காட்டப்படும் கட்டடங்களில் ஒன்று டெல்லியின் இந்திரா பர்யாவரண் பவன். மத்தியப் பொதுப்பணித் துறை கட்டி, 2014 பிப்ரவரியில் திறக்கப்பட்ட இந்த அமைச்சக அலுவலகத்தின் மீது 930 கிலோவாட் திறனுள்ள சூரியத் தகடுகள் இருக்கின்றன. காண்போர் அத்தகடுகளைத்தான் காண்கிறார்கள். ஆனால் அவற்றால் மட்டும் அந்தக் கணக்கு நேராவதில்லை. கட்டடத்தின் நடுவே காற்று உலவ ஒரு பெரிய முற்றம், பகலில் விளக்கின் தேவையைக் குறைக்கும் வெளிச்சம், நிழல் பெற்ற சுவர்கள் என்று தேவையை முதலில் குறைத்த பிறகே தகடுகள் வந்தன. நம் பாட்டனார் வீட்டு முற்றத்தை அடைத்துக் காங்கிரீட் போட்ட நாம், அந்த முற்றத்தை டெல்லியிலிருந்து மீண்டும் கற்க வேண்டிய நிலையில் இருக்கிறோம்.

எங்கள் வரைபடத்தையே கணக்கிட்டுப் பார்ப்போம். தொழும் கூடம் 4000 சதுர அடி. அதற்கு 20 டன் குளிரூட்டி என்று திட்டம். ஒரு டன் குளிரூட்டி இயங்க ஏறத்தாழ ஒரு கிலோவாட் மின்சாரம் வேண்டும். ஐவேளைக்கும் சேர்த்து நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் 100 யூனிட். தமிழகத்தில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். ஆக, 25 கிலோவாட் தேவை. ஒரு கிலோவாட்டிற்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும் என்பதால், 2500 சதுர அடி வேண்டும். மாடியின் நடுவிலோ குவிமாடம் அமர்ந்திருக்கிறது. மினாராக்களின் நிழல் காலையிலும் மாலையிலும் தளத்தின்மேல் நகர்கிறது. அந்த 2500 சதுர அடி எங்கிருந்து வரும்? வரைபடத்தை விளக்கியவர் இதனைச் சொல்லவில்லை.

மறுபுறம் பாருங்கள். பழைய மின்விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும். இன்று கிடைக்கும் பி.எல்.டி.சி. மின்விசிறி ஏறத்தாழ 30 வாட்டில் அதே காற்றைத் தரும். அத்தகைய 30 விசிறிகள் ஐந்து மணி நேரம் ஓடினால் நான்கரை யூனிட். 100 எங்கே, நான்கரை எங்கே! விளக்குகளையும் ஒலிபெருக்கியையும் சேர்த்தாலும் மூன்று கிலோவாட் தகடுகள் தாராளமாகப் போதும். இடைப்பட்ட அத்தனை யூனிட்டும் அடியார்களின் வியர்வைக்காக மட்டும் செலவாகவில்லை. வெயிலை உள்ளே அழைத்துக்கொண்ட கட்டடத்தின் பிழைக்காகச் செலவாகிறது.

உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர் தளத்தின்மேல் ஏறத்தாழ 1000 வாட் வெப்பத்தைக் கொட்டுகிறது. எங்கள் மாடி ஏறத்தாழ 370 சதுர மீட்டர். நண்பகலில் 370 மின் இஸ்திரிப் பெட்டிகளை மாடியில் கவிழ்த்து வைத்தது போல் எண்ணிக்கொள்ளுங்கள். வெற்றுக் காங்கிரீட் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சியதை உடனே இறக்காது. சில மணி நேரம் வைத்திருந்து, மாலையிலும் இரவிலும் மெல்ல இறக்கும். வெளியே காற்று குளிர்ந்த பின்னும் இஷாவிலும் தராவீஹிலும் நம் தலைக்குமேல் அனல் அடிப்பது இதனால்தான். அந்த அனலுக்கு மிக அருகில் நிற்பவர்கள் யார்? இரண்டாம் மாடியில் தொழும் நம் தாய்மார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் பார்த்தால் கிப்லா மேற்கே, சற்று வடக்கு நோக்கிச் சாய்ந்து அமைகிறது. அணிகள் நீளமாக நிற்க வேண்டுமென்பதால் கிப்லாச் சுவரும் நீளமாகிறது. பிற்பகல் வெயில் சாய்ந்து நேராகத் தாக்குவது மேற்குச் சுவரை. மற்றக் கட்டடங்களில் மேற்குப் பக்கத்தைக் குறுக்கிவிடலாம். பள்ளிவாசலில் அது இயலாது. எனவே மேற்குச் சுவரைக் காப்பதே பள்ளிவாசல் கட்டுவோரின் முதற்கடமையாகிறது. அச்சுவர் தடித்திருக்க வேண்டும். அல்லது நடுவே காற்றிடைவெளி விட்ட இரட்டைச் சுவராக இருக்க வேண்டும். வெளியே மரநிழல் வேண்டும். திறப்புகள் சிறியவையாக, ஆழமான சன்ஷேடுகளோடு இருக்க வேண்டும். நாமோ மிஹ்ராபின் இருபுறமும் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி பதித்து, அதனூடே வரும் வெயிலைத் துரத்தக் குளிரூட்டி வாங்குகிறோம். பிறகு அந்தக் குளிரூட்டிக்கு மின்சாரம் தர, அதே வெயிலிடமே தகடு ஏந்தி நிற்கிறோம்.

இதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய கல் பள்ளிவாசல்களுக்குச் சென்றவர்கள் அறிவார்கள்: கனத்த கற்சுவருக்குள் உள்பள்ளி, அதன் முன்னே தூண்கள் தாங்கும் வெளிப்பள்ளி, அப்பால் ஒளுச் செய்யும் ஹவுள். நம் கிழக்குக் கரையில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. மேற்கே மூடிய சுவர், கிழக்கே திறந்த தாழ்வாரம்: இவ்விரண்டும் சேர்ந்தால் வெயில் தடைபடுகிறது, காற்று நுழைகிறது. அவர்கள் 'நெட் ஸீரோ' என்ற சொல்லைக் கேட்டதில்லை. தங்கள் வெயிலையும் தங்கள் காற்றையும் அறிந்திருந்தார்கள், அவ்வளவே.

'இது பழம்பெருமை, காங்கிரீட் காலத்தில் உதவாது' என்பார்கள். காங்கிரீட்டின் மேல் நமக்குப் பகையில்லை. புதுச்சேரியில் 'கோல்கோண்ட்' என்றொரு விடுதிக் கட்டடம் இருக்கிறது. 1930களில் தொடங்கி 1940களில் முடிந்த அது, இந்தியாவின் தொடக்ககாலக் காங்கிரீட் கட்டடங்களில் ஒன்று. அந்தோனின் ரேமண்ட் என்னும் கட்டடக்கலைஞர் வடிவமைத்தது. நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்க, அவை முழுவதும் திருப்பி மூடக்கூடிய பலகணித் தகடுகள். தளத்தின்மேல் இடைவெளி விட்டு இன்னொரு கூரை. குளிரூட்டி இன்றிக் காற்றோட்டத்தாலேயே குளிர்ச்சி பெறும்படி அது கட்டப்பட்டது. குற்றம் காங்கிரீட்டில் இல்லை. சிந்தியாமல் ஊற்றுவதில் இருக்கிறது.

'பெரிய பள்ளிவாசல்களுக்கு இது பொருந்தாது' என்பார்கள். 1978இல் திறக்கப்பட்ட ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தொழக்கூடியது. நம் கடற்கரையைப் போலவே புழுக்கம் மிகுந்த ஊர் அது. அதன் பக்கங்கள் காற்று புகும் உலோகச் சல்லடைகளால் ஆனவை. பெருங்கூடம் இயற்கைக் காற்றோட்டத்தை நம்பிக் கட்டப்பட்டது. அந்த அடித்தளம் இருந்ததால்தான், பிற்காலப் புதுப்பிப்பில் சிக்கன விளக்குகளும் சூரியத் தகடுகளும் நீர்ச் சேமிப்பும் சேர்ந்தபோது, 2022இல் அது பசுமைக் கட்டடச் சான்று பெற முடிந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 2019இல் திறக்கப்பட்ட மத்தியப் பள்ளிவாசலும் இவ்வழியே நடந்தது: கூரைச் சாளரங்கள் வழியே பகல் முழுவதும் வெளிச்சம், வெப்பப் பம்பு, கழிப்பறைகளுக்கு மழைநீர், பிறகே கூரையில் தகடு. ஆனால் அது குளிரோடு போராடும் ஊர். அதன் வடிவத்தை நகலெடுத்தால் நாம் மீண்டும் ஏமாறுவோம். எடுத்துக்கொள்ள வேண்டியது தம் ஊரின் வானிலையை முதலில் கேட்ட அந்தப் பணிவைத்தான்.

'வெயில் முன்போல் இல்லை. பழைய முறை இனித் தாங்காது' என்னும் வாதத்தில் உண்மை உண்டு. இரவுகளும் வெம்மை மிகுந்தவையாகிவிட்டன. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் கடும் வெப்பம் உயிருக்கே ஆபத்து. குளிரூட்டி ஹராம் என்று நாம் சொல்ல வரவில்லை. சித்திரை வெயிலில் ஜும்ஆவுக்கு 400 பேர் கூடும்போது அது தேவையாகலாம். ஒவ்வொரு மனித உடலும் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது என்பதையும் அறிவோம். அந்த நாளுக்கு, அந்த நேரத்திற்கு ஓடட்டும். ஆனால் மார்கழி மாதத்து ஃபஜ்ருக்கும் குளிரூட்டி இல்லாமல் நிற்க முடியாத கூடம் என்றால், ஜன்னலே திறவாத கண்ணாடிப் பெட்டியைக் கட்டிவிட்டோம் என்பதுதான் பொருள். மின்சாரம் நின்றால் அக்கூடத்தில் மூச்சுத் திணறும்.

'கட்டணத்தை நாங்கள்தானே கட்டுகிறோம்; யாருக்கு நட்டம்?' என்போரும் உண்டு. தொழுகைகளில் மூன்று, சூரியன் இல்லாத வேளையில் நிகழ்பவை. பகலில் மின்வாரியத்திற்குக் கொடுத்ததை இரவில் திரும்பப் பெறுகிறோம் என்று ஏட்டில் கணக்கு நேராகலாம். ஆனால் தராவீஹ் நேரத்தில் நம் குளிரூட்டியை ஓட்டுவது பெரும்பாலும் எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் எரியும் நிலக்கரியும் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியுமே. எண்ணூர்க் கழிமுகத்தில் படியும் சாம்பல் அங்குள்ள மீனவரின் வலையிலும் வயிற்றிலும் விழுகிறது. நம் குளிர்ச்சியின் விலையை நாம் மட்டும் கட்டவில்லை.

இது மார்க்க விஷயமா என்று கேட்கலாம். ஆம், மார்க்க விஷயமே. வீண்விரயத்தை இறைமறை கடுமையாகக் கண்டிப்பதை நாம் அறிவோம். வீடுகளை அமைதித் தலங்களாகவும் நிழல்களை அருட்கொடையாகவும் அல்லாஹ் எண்ணிக் காட்டுவதை அந்நஹ்ல் அத்தியாயத்தில் ஓதுகிறோம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு, அதாவது இரு கைகளும் சேர்ந்து அள்ளும் அளவு நீரில் ஒளுச் செய்ததை ஹதீஸ் நூல்களில் படிக்கிறோம். கடும் வெப்ப நாளில் லுஹரை வெம்மை தணியும்வரை பிற்படுத்துமாறு அவர்கள் பணித்ததையும் படிக்கிறோம். வெப்பத்தை அவர்கள் அலட்சியம் செய்யவில்லை. அடியார்களின் துன்பத்தை நேரத்தாலும் நிழலாலும் தணித்தார்கள். மஸ்ஜிதுந் நபவி பேரீச்சமரத் தூண்களும் ஓலைக் கூரையும் கொண்டு எழுந்தது. அதன் நிழல் யாருக்குத் தரப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். வீடற்ற ஏழைத் தோழர்களுக்கு அந்நிழலில் இடம் கிடைத்தது. திண்ணைத் தோழர்கள் என்று இன்றும் அவர்களை நினைவுகூர்கிறோம். அந்தப் பள்ளிவாசலின் நிழல் மிக எளியவருக்குப் போய்ச் சேர்ந்தது. நம் பள்ளிவாசலின் குளிர்ச்சியோ முன்வரிசைக்குப் போகிறது. வெப்பம் மாடியிலுள்ள பெண்களுக்கும் தகரக் கூரையின் கீழுள்ள உஸ்தாதின் குடும்பத்துக்கும் போகிறது.

நம் வீடுகளும் இதற்கு விலக்கல்ல. வளைகுடாவில் வியர்வை சிந்தி ஈட்டிய பணத்தில் எழும்பும் வீடுகளின் 'எலிவேஷன்' முழுவதும் கண்ணாடியும் அலுமினியத் தகடும். வரவேற்பறையிலும் படுக்கையறையிலும் குளிரூட்டி. சமையலறையோ மேற்கு மூலையில், ஒரு சிறு ஜன்னலோடு, பிற்பகல் வெயிலில் கொதிக்கிறது. நோன்பு மாதத்தில் நோன்போடு அங்கே நின்று கஞ்சி காய்ச்சுபவர் யார்? அந்த வீட்டுக்கு எத்தனை கிலோவாட் சோலார் போட்டாலும், அச்சமையலறை மாறாதவரை அதன் கணக்கு நேராகாது.

செய்ய வேண்டியவை அரிய வித்தைகள் அல்ல. மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கித் தளம் போட்டு, அதன்மேல் வெள்ளை ஓடு பதிக்கலாம். பழைய கட்டடமாயின் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு பூசலாம். சூரியத் தகடுகளைத் தளத்திலிருந்து உயர்த்தி அமைத்தால் அவையே கீழுள்ள தளத்துக்கு நிழலாகும். குவிமாடத்தின் கழுத்தில் திறப்புகள் வைத்தால் மேலெழும் வெப்பக்காற்று வெளியேறும். நாமோ குவிமாடத்தை மூடி, அடியில் ஃபால்ஸ் சீலிங்கும் போட்டுவிடுகிறோம். லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டில், செங்கற்களை நிறுத்தி வைத்து நடுவே காற்றிடைவெளி விடுகிறார்கள். செங்கல்லும் குறைவாகச் செலவாகும், வெப்பமும் குறைவாக நுழையும். குடியிருப்புகளுக்காக மத்திய அரசு 2018இல் வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் விதித்தொகுப்பு, வெளிச்சுவர்கள் வழியே உள்ளே வரும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சராசரியாக 15 வாட்டுக்கு மிகக்கூடாது என்று வரையறுக்கிறது. நம் பொறியாளரிடம் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வரைபடக் கட்டத்தில் ஆகும் செலவு சிறிது. கட்டி முடித்தபின் எத்தனை லட்சம் கொடுத்தாலும் மேற்குச் சுவரைத் திருப்பி வைக்க இயலாது.

வக்ஃப் சொத்து அமானிதம். இன்று நாம் ஊற்றும் தளம் நம் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் நிற்கும். அதன் பிழையும் நிற்கும். ஆண்டுதோறும் மின்கட்டணத்திற்கும் குளிரூட்டி பழுதுபார்ப்பதற்கும் போகும் தொகை, உஸ்தாதின் ஊதியத்திலிருந்தும் மக்தப் பிள்ளைகளின் பாடநூலிலிருந்தும் கழிகிற தொகைதான். எனவே வரைபடத்தைக் காணும் ஒவ்வொரு ஜமாஅத்தாரும் சோலார் எத்தனை கிலோவாட் என்று கேட்பதற்கு முன் இன்னொன்றைக் கேட்க வேண்டும்: இக்கட்டடத்தில் மிகவும் வெப்பமான இடம் எது, அங்கே இருக்கப்போவது யார்? அதற்கு நேர்மையான விடை கிடைத்து, அந்த இடம் குளிர்ந்த பிறகு தகடுகளை எண்ணலாம்.

எங்கள் பள்ளிவாசலுக்கு இன்னும் கடைக்கால் தோண்டவில்லை. அடுத்த கூட்டத்தில் நாங்கள் எழுந்து கேட்கப் போகிறோம்: பெண்களின் தொழுமிடத்தைக் கீழ்த்தளத்தில், கடற்காற்று வரும் கிழக்குத் தாழ்வாரத்தை ஒட்டி அமைக்க வேண்டும், உஸ்தாதின் குடியிருப்பை வரைபடத்துக்குள் கொண்டுவர வேண்டும், மேற்கே கண்ணாடி வேண்டாம். சிலர் முகம் சுளிக்கக்கூடும். முன்பு மௌனமாக எழுந்து வந்ததைவிட அது எளிதாகவே இருக்கும்.

அல்லாஹ்வின் இல்லத்தை எழுப்பும் நம் கைகளை விரயத்திலிருந்தும் பெருமையிலிருந்தும் அவன் காப்பானாக! அதன் நிழலை எல்லோருக்கும் சமமாக்குவானாக! ஆமீன்.